கட்டி இல்லாத மூளை

ஒன்றும் இருக்கக் கூடாது, ஒன்றுமே இருக்கக் கூடாது என்று நித்திலா மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கூடத்தில் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருப்பார்கள், ஸ்கேன் சென்டரில் வேறு எதை வேண்டுவது. ஆனால் அவர்கள் வேண்டுவது உள்ளே படுத்திருப்பவர் பிழைக்கட்டும் என்று. இவள் வேண்டுவது உள்ளே படுத்திருப்பவர் மாட்டிக்கொள்ளட்டும் என்று. பக்கத்து நாற்காலியில் அம்மா பூங்கோதை கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டில் ஓடுவது என்னவென்று நித்திலாவுக்குத் தெரியும். ஏதாவது இருக்கணும் முருகா, சின்னதா ஒரு கட்டியாவது இருக்கணும். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் மண்டைக்குள் கட்டி வேண்டும் என்று பழனிக்கு நேர்ந்துகொண்டு வந்திருக்கும் பெண்டாட்டியை இந்த ஈரோட்டில் இன்றைக்கு வேறெங்கும் பார்க்க முடியாது. கட்டி இருந்தால் அவர் நோயாளி. கட்டி இல்லையென்றால் அவர் அப்பா, தண்டபாணி, மின்வாரியத்தில் போர்மேன், பெண்டாட்டியின் மணிக்கட்டை ஆனி மாதம் கதவுச் சட்டத்தில் வைத்து மடக்கி ஒடித்தவர், அவ்வளவுதான். "ஒண்ணுமில்லேன்னு வந்துட்டா உங்கூடவே கோயமுத்தூர் வந்துடறேன் கண்ணு. ஏதாவது இருந்துச்சுன்னா, நோவுல கெடக்கற மனுஷன விட்டுப்போட்டு எப்படி வர்றது, நீயே சொல்லு." நேற்று அம்மா சொன்னது இது. கோயம்புத்தூரில் வீடு பார்த்தாயிற்று, சமையலறையில் காலை வெயில் விழும் வீடு, அம்மாவுக்காகவே பார்த்தது. அது இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தட்டத் தொடங்கியிருக்கும் இயந்திரத்தின் கையில் இருக்கிறது. டக் டக் டக் டக். பிறகு ஒரு நீண்ட அலறல். பிறகு மறுபடியும் டக் டக். இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றிருந்தார் டெக்னீஷியன்.

உள்ளே போவதற்கே அரை மணி நேரம் பிடித்தது. உடம்பில் உலோகம் இருக்கக் கூடாதாம். மோதிரம் கழன்றது, வாட்ச் கழன்றது, இடுப்பில் கிடந்த வெள்ளி அரணாக்கொடி மட்டும் கொக்கி இறுகிப்போய் வரவில்லை. வெட்டிடலாங்களா என்று டெக்னீஷியன் கட்டிங் பிளேயரை எடுத்ததுதான் தாமதம், ராஜாமணி அத்தை நடுவே பாய்ந்துவிட்டாள். "பொணத்துக்குத்தாய்யா அரணாக்கொடி அறுப்பாங்க. தள்ளு இப்படி." சோப்புத் தண்ணி கேட்டு வாங்கி, அறுபத்து மூன்று வயதுக்காரி தரையில் குந்தி, தம்பியின் இடுப்பைத் தடவித் தடவி இறக்கி எடுத்தாள். அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று கூச்சமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் தெருவே அவரைச் சாது என்கிறது. தொடுகைக்குச் சுரக்கும் ஆக்ஸிடோசின், பாசத்தின் ஹார்மோன் என்று வாரப் பத்திரிகையில் பெட்டிச் செய்தி போடுவார்கள். தன் கூட்டத்தை அணைத்துக்கொள்ளச் சொல்லும் அதே சுரப்பு வெளியாளைப் பார்த்துப் பல்லைக் காட்டவும் சொல்லும் என்பதற்குப் பெட்டியில் இடம் இருக்காது. அக்காவுக்குத் தம்பி கூட்டத்து ஆள். அம்மா இருபத்தாறு வருஷமாக வெளியாள். இதையும் ஒரு நாள் அத்தையிடம் சொல்லிவிடலாம், ஆனால் சொல்லி என்ன, ஒன்று சொல்லப்போய்த்தான் எல்லோரும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

ஆமாம், இவள் சொல்லப்போய்த்தான். அதை நினைத்தாலே கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறுகிறது. எலும்பு வார்டில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்த அந்த மத்தியானம், அம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டாள், "ஏன் கண்ணு உங்கப்பா இப்படிப் பண்றாரு?" மற்ற மகள்களாக இருந்தால் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் அந்த ஆளைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவள் நரம்பியலில் ஆராய்ச்சி செய்கிறவள் அல்லவா. எக்ஸ்ரே உறையைத் திருப்பிப் போட்டாள், பேனாவை எடுத்தாள், மூளை வரைந்தாள். இதோ இது அமிக்டலாம்மா, பாதாம் கொட்டை மாதிரி இருக்கும், பயமும் கோபமும் இங்கிருந்துதான் கிளம்புது. இது முன் மூளை, கடிவாளம் மாதிரி, அதைப் பிடிச்சு நிறுத்தும். கடிவாளம் தளர்ந்தா கை ஓங்கும். இதில் டெஸ்டோஸ்டிரோன் இருக்கு, அட்ரினலின் இருக்கு, சின்ன வயசில் அவர் அவங்கப்பாகிட்ட வாங்கின அடி இருக்கு. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடடா, அம்மாவுக்குப் புரிகிறது, அம்மா வெளியே வந்துகொண்டிருக்கிறாள் என்று இந்த முட்டாள் நினைத்தாள். கூடுதலாக மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலையும் வரைந்தாள். மறுநாள் காலையில் இட்லிப் பாத்திரத்தோடு வந்த அத்தையிடம் அம்மா சொன்னாள், "அவரு மேல தப்பில்லீங்க அண்ணி. மண்டைக்குள்ள ஒரு பாதாங்கொட்ட இருக்குதாமா, அது பண்ற வேலையாமா. நித்திலாவே படம் போட்டுக் காட்டுச்சு." வாதாடுவதில் பல்கலைக்கழகத்திலேயே பேர் வாங்கியவளுக்குப் பிடி கிடைக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அவளுடையதுதானே.

ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் போய்விட்டது. தண்டபாணிக்கு மூளையில கோளாறாமா, பாவம், அந்த மகராசி எப்படித்தான் வெச்சுக் காப்பாத்தறாளோ. பாவம் என்ற சொல் இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டு வாசலுக்கு வந்தது, வந்ததும் அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பாவுக்கும் அது பிடித்துப்போனது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகினார். சாப்பாட்டில் உப்புக் குறைந்து தட்டு பறந்தால், பறந்த பிறகு விரலால் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், வண்டியில் பிரேக் சரியில்லை என்று மெக்கானிக்கிடம் காட்டுகிற மாதிரி. ஆடி பதினெட்டு அன்றைக்கு, மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அம்மாவின் தோளில் ஓங்கிக் குத்திவிட்டு, "என்னையக் கேக்காத, உம்பட மகளையே கேளு, அவதான் படிச்சவ" என்றாராம். அம்மா இதைப் போனில் சொல்லும்போது குரலில் புகார் இல்லை, நோயின் அறிகுறி சொல்கிற அக்கறைதான் இருந்தது. எவ்வளவு பெரிய மூளைக்காரர் பார்த்தாயா. இருபத்தாறு வருஷமாக அடிக்கத் தெரிந்திருந்தது, காரணம் சொல்லத் தெரியாமல் இருந்தது. மகள் வந்து எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கட்டியாம் கட்டி. நித்திலா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிரில் யாரோ உட்கார்ந்து மறுக்கிற மாதிரி, வாதத்தை ஆரம்பித்தாள். சரி, கட்டி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது ரவிக்கைக் கை எவ்வளவு நீளம் என்று தெரிந்த கட்டி. முழங்கைக்கு மேலேதான் அடிக்கும், முதுகில் அடிக்கும், தொடையில் மிதிக்கும், முகத்தில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. மணிக்கட்டு ஒடிந்ததுகூடக் கணக்குத் தப்பி நடந்ததுதான், அன்றைக்கு அவரே பதறிப்போய் ஆட்டோ பிடித்தார். அது மேலதிகாரி ஏ.ஈ.யைத் தெரிந்த கட்டி. ஆபீசில் ஏ.ஈ. எல்லோர் முன்னிலும் மடையா என்று திட்டிய நாளில் ஏன் அது பொங்கவில்லை, ஏன் வணக்கம் சார் என்று சொல்லிவிட்டு ஆறரை மணி வரை பொறுமையாக இருந்து, டி.வி.எஸ். வண்டியை ஓட்டி, வாசலில் ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதற்கப்புறம் பொங்கியது? காலிங் பெல் அடித்தால் அந்தரத்தில் நின்ற கை அப்படியே இறங்கும். வாங்க வாங்க, என்ன இத்தனை தூரம் என்று கதவைத் திறக்கும். அட்ரினலின் ஒரு முறை ரத்தத்தில் ஏறினால் உடம்பு தணிய நிமிஷக் கணக்காகும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போட அப்பாவுக்கு நாலு விநாடிதான் ஆகும். இதற்குப் பெயர் கடிவாளம் தளர்ந்த மூளையா? இந்த ஊரிலேயே இவ்வளவு இறுக்கமான கடிவாளம் யாருக்கும் கிடையாது. அந்த டி.வி.எஸ். சத்தம். இருபத்தைந்து வயதாகிறது, விடுதித் தெருவில் அந்த வண்டி ஒன்று போனால் இன்றைக்கும் மூத்திரம் முட்டுகிறது. இவளுடைய பாதாம் கொட்டையைச் செய்து கொடுத்ததே அவர்தான்.

இதையெல்லாம் போன வாரம் நரம்பு டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். "எத்தனை நாளா இந்த மாதிரி கோபம் வருது?" அம்மா முந்திக்கொண்டாள். "ரெண்டு வருஷமாத்தானுங்க. அதுக்கு முந்திப் பூவாட்ட இருப்பாருங்க." ரெண்டு வருஷம். வயதான காலத்தில் திடீரென்று குணம் மாறினால் டாக்டர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள், காலமெல்லாம் அதே குணம் என்றால் பார்க்க மாட்டார்கள். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரியும். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் வரைந்தபோது அதையும் இவள்தான் சொல்லியிருந்தாள். டாக்டர் இவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா." மேசைக்கு அடியில் அம்மாவின் நல்ல கை இவள் தொடையைக் கிள்ளிப் பிடித்தது, சின்ன வயதில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும்போது சத்தம் போடாதே என்று கிள்ளுகிற அதே கிள்ளல். "ஆமாங்க டாக்டர்," என்றாள் நித்திலா. ஏன் சொன்னாள்? ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்று எழுத்தில் வந்தால் ஒரேயடியாக வாயை அடைத்துவிடலாம் என்றுதான். இல்லை, அது அப்புறம் யோசித்த காரணம். அந்த நேரத்தில் இருந்தது பயம், ஆறு வயசுப் பயம், வேறொன்றுமில்லை. ஆனால் கட்டி இருந்துவிட்டால்? ஐம்பத்தெட்டு வயது மண்டை, தேடினால் ஏதாவது அகப்படாமலா போகும், போன மாதம் முளைத்த ஒரு பட்டாணி, அது போதுமே. இருபத்தாறு வருஷத்தையும் அந்தப் பட்டாணி பின்னால் திரும்பிப் போய் விழுங்கிவிடும்.

டக் டக் டக் டக். அத்தை தூக்குப் போசியிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினாள். "குடி அம்மிணி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது. அப்பன் மேல பாசம் இல்லாட்டி இப்படி ஆகுமா." நித்திலா வாங்கிக் குடித்தாள், நாக்கு சுட்டது. சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் பார்த்துவிடு, பார்க்காமல் இருந்தால் வாதமாகுமா. போன வருஷம் கருத்தரங்கில் பேராசிரியர் கேட்டார், அப்ப நான்னு ஒருத்தன் எங்கேம்மா இருக்கான்? இவள் மேடையில் நிமிர்ந்து நின்று, இல்லீங்க சார், நியூரான்தான் இருக்கு என்றாள். கைதட்டினார்கள். கட்டி வந்த மூளை மூளை என்றால் கட்டி வராத மூளையும் மூளைதானே. அதையும் யாரோ அடித்துத்தானே செய்தார்கள். தாத்தா பெல்டால் அடித்த பையனின் நரம்பு வேறெப்படி வளரும்? கட்டிக்கு மன்னிப்பு, காயத்துக்குத் தண்டனை, இது என்ன நியாயம்? போ போ, இந்த நியாயம் பேசினால் உலகத்தில் ஒருத்தனையும் பிடிக்க முடியாது. இவளுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த மண்டைக்குள் ஏதோ ஒரு மூலையில், கடலை அளவு இருந்தால்கூடப் போதும், பார்த்து, யோசித்து, பெல் அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, பிறகு அடிக்கிற ஒரு தண்டபாணி வேண்டும். அம்மா கட்டியைத் தேடுகிறாள், இவள் ஆளைத் தேடுகிறாள். தேடுவது ஒரே மண்டையில்தான்.

ஆய்வகத்தில் இவள் செய்வது என்ன? எலியைக் கண்ணாடிக் குழாயில் நுழைத்து இரண்டு மணி நேரம் அசையவிடாமல் அடைத்துவைப்பது. தினம் இரண்டு மணி, இருபத்தோரு நாள். முதல் நாள் கத்தும், மூத்திரம் விடும், பல்லால் குழாயைச் சுரண்டும். மூன்றாம் வாரத்தில் குழாயை அருகில் கொண்டுபோனாலே தானாக உள்ளே போய்விடும். போய்த் தலையை முன்னால் வைத்துச் சரியாகப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்த அன்றைக்கு மதியம் இவளால் சாப்பிட முடியவில்லை, எதிரில் அம்மா உட்கார்ந்து சாதம் பிசைகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த இன்னொரு நாள், அந்த வெள்ளை எலி, கட்டை விரலைக் கடித்த எலி. அதை இரண்டு மணியில் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் விட்டாள். நோட்டில் இரண்டு என்று எழுதினாள். விரலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டு நின்றபோது தோளிலிருந்து முழங்கை வரை வெதுவெதுப்பாக ஒன்று இறங்கியது. இதமாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கும் அங்கேதான் இறங்குமா, தோளிலிருந்து? இப்போது அவரும் ஒரு குழாய்க்குள்தான் படுத்திருக்கிறார், தலையைக் கூண்டில் பூட்டி, அசையாமல். இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டுமே என்று நினைத்தாள். நினைத்ததும் மிச்சக் காப்பியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

சத்தம் நின்றுவிட்டது. கூடம் திடீரென்று அகலமானது போலிருந்தது. டெக்னீஷியன் கதவைத் திறந்து, "படிக்கற பொண்ணு நீங்கதானுங்களே, டாக்டர் வரச் சொல்றாங்க" என்றார். காலையிலேயே படத்தைப் பார்க்க விடுவீர்களா என்று கெஞ்சிக் கேட்டுவைத்திருந்தாள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வயதான பெண் டாக்டர் திரையை உருட்டிக்கொண்டிருந்தார், கருப்பு வெள்ளையில் அப்பா ஏடு ஏடாக வந்தார். கண், மூக்கு, பிறகு மூளை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல, ஓரம் சுருங்காமல், நடுவில் நீர் அறைகள் பட்டாம்பூச்சி மாதிரி விரிந்து. முன் மூளை நிறைந்து இருந்தது. பாதாம் கொட்டைகள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. "ஒண்ணுமே இல்லம்மா," என்றார் டாக்டர். "இந்த வயசுக்கு ரொம்ப அழகான மூளை. பயப்படாதீங்க." நித்திலா திரையையே பார்த்தாள். ஜெயித்துவிட்டாள். அந்த ஏடுகளில் எங்கேயும் கதவுச் சட்டம் இல்லை, தாத்தாவின் பெல்ட் இல்லை, ஓர் ஆளும் இல்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. எங்கேதான் வைத்திருக்கிறார் அதையெல்லாம்?

வெளியே வந்தபோது அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தில் அந்த வெளிச்சம், எலும்பு வார்டில் பார்த்த அதே எதிர்பார்ப்பு. இப்போது மெதுவாகச் சொல்லலாம். வெளியே கூட்டிப்போய், வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். நித்திலாவுக்கு அது தெரிந்தது, முழுசாகத் தெரிந்தது, தெரிந்துதான் நின்ற இடத்திலேயே, பதினைந்து பேரும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்குது."

"பழனியாண்டவா," என்று அத்தை கும்பிட்டாள். அம்மா கும்பிடவில்லை.

"நல்லாப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன்."

"ஓரத்துல? சின்னதா?"

"எங்கயும் இல்ல."

"அந்தப் பாதாங்கொட்ட..."

"அது உனக்கும்தான் இருக்குது, எனக்கும் இருக்குது. அத்தைக்கும் இருக்குது. அவருக்குக் கோளாறே இல்ல. தெரிஞ்சுதான் அடிச்சிருக்கார். அத்தன நாளும், அத்தன அடியும், நல்லாத் தெரிஞ்சு." தோளிலிருந்து அந்த வெதுவெதுப்பு இறங்கியது. இதமாகவேதான் இருந்தது.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள், வளைந்து ஒட்டிய மணிக்கட்டால். அவள் அழுவாள் என்று நித்திலா காத்திருந்தாள். அழவில்லை. யாரோ பெரியவர் செத்த சேதியைக் கேட்டு, முதலில் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். அப்போது அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். முகம் வேர்த்திருந்தது, உயிர் பிழைத்த களை. டெக்னீஷியன் உள்ளேயே சொல்லியிருப்பார். கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்துவைத்தார். அம்மா அவர் எதிரில் போய் நின்றாள்.

"தெரிஞ்சுதானுங்களா?"

"எது?" என்றார் அப்பா.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். அவர் நிஜமாகவே எதைக் கேட்கிறாள் என்று புரியாமல்தான் நின்றார், புருவத்தை உயர்த்தி, அக்காவைப் பார்த்து, பிறகு வாசலைப் பார்த்து. "வெளிய எங்கயாச்சும் டிபன் கெடைக்குமா, வெறும் வயித்தோட வரச்சொல்லிப்போட்டானுக." அத்தை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து தன் பையை மட்டும் எடுத்தாள். "மருந்துச் சீட்டெல்லாம் அவங்கக்கா பாத்துக்குவா. கோயமுத்தூர் பஸ் எத்தன மணிக்கு?" என்றாள். நித்திலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பையை வாங்கக் கை நீட்டினாள், அம்மா பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும். இதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, குற்றம் அவளுடையது இல்லை என்று, ஏன் இத்தனை வருஷம் அவளால் கிளம்ப முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று. "அம்மா, அது என்னன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வர்றேன்னு சொன்னேன், வர்றேன்," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "சோறாக்கிப் போடறேன், கூட இருக்கறேன். ஆனா இனிமே நீ எனக்கு எதையும் வெளக்கிச் சொல்லாத."

"சரிம்மா."

நித்திலாவின் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எந்த நரம்பு எந்தச் சுரப்பியை நிறுத்தினால் வாய் இப்படிக் காயும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள்.